குழாய் மடங்கக் கூடாது

நல்லமுத்துவைப் புதைத்துவிட்டு வந்தபின் அவரவர் உட்கார்ந்திருந்த இடங்கள் இவை: அவன் அத்தை அம்மாக்கண்ணு வாசற்படியில், தொழிற்சங்கத்து ஆட்கள் மூவர் லயத்து வீட்டின் முன் இஸ்தோப்பில் கிடந்த பிளாஸ்டிக் கதிரைகளில், மனைவி ஜெயந்தினி அடுப்போரம். கதிரை போதாததால் தம்பி லெட்சுமணன் செத்தவனுடைய சக்கர நாற்காலியில். அவன் தோட்டத் தலைவர்; நிற்க முடியுமா?

"அண்ணி, அந்த நன்றி லெட்டர எழுதிருங்க. நாற்காலி குடுத்த ஐயா காலையில கொழும்பு போறாரு. அண்ணன் சந்தோசமா போய்ச் சேந்தாருன்னு நாலு வரி. ஒங்க எழுத்து மாதிரி இந்த லயத்துல யாருக்கு வரும்?"

அம்மாக்கண்ணு மூக்கைச் சிந்தினாள். "அஞ்சு நாளா அனத்துனானே, அது சந்தோசத்துலயாடா?"

"விதி அத்தை."

ஜெயந்தினி தாளை எடுத்தாள்.

தேயிலை மலையில் நிழல் மரத்துக் கிளை வெட்டப்போய் விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து, நல்லமுத்துவுக்குச் சிறுநீர் குழாய் வழியாகத்தான் பையில் இறங்கும். 'பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது.' ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னதை அவள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஏழு வருடம் பிசகவில்லை.

நாற்காலி கொடுக்க ஐயா வந்த அன்று அவள் கொழுந்து பறிக்க மலையில் நின்றாள். மூத்திரப் பை படத்தில் விழுந்தால் தோட்டத்துக்கே அவமானமாம். லெட்சுமணன் பையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தான், அது புடைத்துத் தெரியாதிருக்கக் குழாயை மடித்து ரப்பர் போட்டான், மேலே பொன்னாடை. ஒன்பது மணிக்கு வரவேண்டிய ஐயா ஒரு மணிக்கு வந்தார். படம் அழகாக விழுந்தது. மாலையில் அவள் வந்துதான் ரப்பரை அவிழ்த்தாள். அன்றிரவே குளிர்காய்ச்சல் பிடித்தது.

அவள் தேதி போட்டாள். கட்டிய மணி, ஐயா வந்த மணி, அவிழ்த்த மணி எல்லாவற்றையும் போட்டாள். கட்டியவர் பெயரைப் பதவியோடு எழுதினாள். கடைசி வரி: 'நாற்காலி நல்ல நிலையில் உள்ளது. தற்போது தோட்டத் தலைவரே அதில் உட்கார்ந்திருக்கிறார்.'

லெட்சுமணன் வாங்கிப் புரட்டினான். வாசிக்கவில்லை.

"முத்து முத்தா இருக்கு. ரெண்டு பக்கமா? ஐயா பூரிச்சுப் போயிருவாரு."

"நல்லா ஒட்டுங்க தம்பி. நீங்களே கையில குடுங்க."

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, தொடையில் வைத்துத் தேய்த்து ஒட்டினான். ஐயா தங்கியிருந்த ஹட்டனுக்குப் போக ஆட்டோ வந்தது. உறை மடங்கிவிடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினான்.