பெட்டியில் போட்டிருந்த வேகம்

வெர்லின் ஹாக்ஸ்டட், கடையில் தோட்டா வாங்கி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. மொன்டானாவில் அவர் ஊர்ப்பக்கம் இது லேசுப்பட்ட பெருமை இல்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக் கழுவி, அடியில் நெருப்புப் பற்றவைக்கும் புது கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்தி அழுத்தினால் தோட்டா தயார். இது கைவந்த ஒருவர் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினார் என்றால், நல்ல சமையற்காரர் வீட்டில் மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு என்று அர்த்தம். ஊர் சிரிக்கும்.

அந்தப் பெருமைக்குப் போன நவம்பரில் வேட்டு வைத்தான் ஒருத்தன். துப்பாக்கிச் சங்கத்து உறுப்பினன்தான். கால்பந்து பார்த்துக்கொண்டே தோட்டா அடைத்ததில் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்தைப் போட்டுவிட்டான். சங்க மைதானத்தில் அவன் ரிவால்வர் வெடித்து, மேல்பாகம் கொட்டகைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போயிற்று. கட்டைவிரல் பிழைத்தது ஆண்டவன் புண்ணியம்.

மறுவாரமே சங்கச் செயலாளர் வானெட்டா தீர்மானம் கொண்டுவந்தாள். இனிமேல் மைதானத்தில் கம்பெனித் தோட்டா மட்டும்தான். இருபத்தாறு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவள். அவள் முறைத்தால் பெரிய ஆட்களே சீட் பெல்ட் போட்டுக்கொள்வார்கள். கமிட்டியில் ஐந்து பேர். வெர்லினும் ஒருவர். அவர் எழுந்து நின்றார்.

"கம்பெனித் தோட்டாவுக்கும் என் தோட்டாவுக்கும் ஒரு வித்தியாசம் காட்டுங்க பாப்போம். ஒரே துப்பாக்கி, ஒரே வேகமானி. ஏப்ரல்ல எல்லார் முன்னாடியும் சுட்டுக் காட்டுறேன். ரெண்டும் ஒத்துப்போகலேன்னா தடைக்கு நானே கைதூக்குறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?" என்றாள் வானெட்டா.

"நம்பர் விஷயத்துல நான் என்னைக்கு மாறியிருக்கேன்?"

அது உண்மைதான். அவருடைய பதினான்கு நோட்டுப் புத்தகங்களில் ஒரு பொய் எண் கிடையாது.

ஆனால் கம்பெனித் தோட்டா எவ்வளவு வேகம் போகும்? ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கடை முதலாளி பார்த்துவிடுவானே. அதனால் வெர்லின் மைதானத்துக் குப்பைத்தொட்டியைக் கிளறி, காலிப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வினாடிக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது அடி என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பட்டறை மேசைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்.

நவம்பரில் முதல் தடவை அடைத்தது ஆயிரத்துத் தொண்ணூறு போயிற்று. "தூ" என்றார். மிச்சத்தையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்து மருந்தைக் கொட்டினார். பிறகு கொஞ்சம் கூட்டினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஜனவரியில், அளவுப் புத்தகத்தில் 'இதற்கு மேல் போகாதே' என்று போட்டிருக்கும் வரிக்கு வந்து சேர்ந்தார். அந்தப் புத்தகத்தை எழுதுவது துப்பாக்கிக்காரர்கள் இல்லை, கேஸுக்குப் பயந்த வக்கீல்கள் என்பது இந்தத் தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். வெர்லினும் சிரித்துவிட்டு அந்த வரியைத் தாண்டினார்.

பிப்ரவரியில் சுட்ட கூடுகள் ரிவால்வர் உருளையிலிருந்து வெளியே வர மறுத்தன. கொல்லையில் நின்று மரக்குச்சியை விட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஆர்லீன் சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

"துப்பாக்கிகிட்ட என்னங்க மல்லுக்கட்டு?"

"குளிர்ல பித்தளை சுருங்கும்டி."

"சுருங்கினா லூசாத்தானே வரணும்?"

வெர்லின் குச்சியை இன்னும் ஓங்கித் தட்டினார். மார்ச் கடைசியில் வேகமானி ஆயிரத்து இருநூற்று ஐம்பது காட்டியபோது அந்தக் கேள்வியே அவருக்கு மறந்துபோயிற்று.

ஏப்ரல் சனிக்கிழமை காலை சங்கமே திரண்டிருந்தது. கொட்டகையில் ஒரு பானை மான்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வெர்லின் தன் தோட்டா ஐந்தைச் சுட்டார். 1248. 1252. 1250. 1249. 1251. கூட்டம் கைதட்டியது. கூடுகளை அவர் குச்சியால் தட்டி எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை, எல்லோர் கண்ணும் எண்ணில் இருந்தது.

அடுத்து வானெட்டா சங்கச் செலவில் வாங்கிய புதுப்பெட்டியைப் பிரித்தாள். வெர்லின் சுட்டார்.

1088.

"மானி கெட்டுப்போச்சு," என்றார் வெர்லின்.

மறுபடி சுட்டார். 1092. தன்னுடையதில் ஒன்று போட்டார், 1250. கம்பெனியுடையது, 1090. மானி நன்றாகத்தான் இருந்தது.

வெர்லின் பெட்டியை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கம் திருப்பினார். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. கம்பெனிச் சோதனைச்சாலையில் நீளமான தனிக் குழாயில் சுட்டு அளந்த வேகமாம்; குழாய் நீண்டால் வேகமும் கூடும். 'உங்கள் துப்பாக்கியில் மாறலாம்.' அவர் வீட்டில் ஆணியடித்த பெட்டியிலும் இதே வரி இருந்திருக்கும். ஐந்து மாதம் முன்பக்கத்தையே கும்பிட்டவருக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

கூடுகளை இறுக்கியது குளிர் இல்லை, கூடிப்போன மருந்து. நவம்பரில் பிரித்துக் கொட்டினாரே, அதுதான் அச்சு அசல் கம்பெனித் தோட்டா. அன்றே ஜெயித்துவிட்டு, அன்றிலிருந்து அதை விட்டுத் தூரமாக ஓடியிருக்கிறார். அவர் ரிவால்வர் தடித்த உருப்படியாக இருந்ததால்தான் அவர் கைவிரல்களும் கையில் இருந்தன.

"கம்பெனிக்காரனையே மண்ணைக் கவ்வ வச்சுட்டாரே எங்க மச்சான்," என்றான் ஹார்லன். ஆர்லீனின் தம்பி, காப்பிக்குச் சர்க்கரையைக்கூட அளந்து போடத் தெரியாதவன்.

"நூத்தி அறுபது அடி கூட," என்றாள் வானெட்டா. அவள் முகத்தில் முறைப்பையே காணோம். "இதையா நான் தடை பண்ணப் பாத்தேன்?"

"ஐயோ, கேளுங்க," என்றார் வெர்லின். "இது ஒத்துப்போகல. நான் தப்பு பண்ணிட்டேன். இவ்வளவு வேகம் ஆபத்து. இந்தக் கேப்பைப் பாருங்க, உள்ள அழுத்தம் தாங்காம நசுங்கித் தட்டையாயிருக்கு."

ஹார்லன் வாங்கிப் பார்த்தான். "நல்லா அழுத்தமா அடிச்சிருக்கு. என்ன அளவுன்னு சொல்ல மனசு வரல, அதான் இந்த நாடகம்."

எல்லோரும் சிரித்தார்கள். தடைக்கு ஆதரவு யார் என்று வானெட்டா கேட்டபோது வெர்லின் சொன்ன சொல் மாறாமல் கையைத் தூக்கினார். தூக்கிய கை அது ஒன்றுதான். என்ன அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் கைதட்டினார்கள். கோடைப் போட்டிக்குச் சங்கத்துக்கே அவர்தான் தோட்டா அடைக்க வேண்டும் என்று கையோடு இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்.

கிளம்பும்போது ஹார்லன் வெர்லினின் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்காகிட்ட அம்பது தோட்டா குடுத்தனுப்புங்க மச்சான். என் சின்ன ரிவால்வர்ல போட்டுப் பாக்கணும்."

"அது தகரடப்பா. பிஞ்சுபோயிடும். கைய மறந்துட வேண்டியதுதான்."

"குடுக்கலேன்னா போங்க. கொஞ்சம் கொஞ்சமா மருந்தைக் கூட்டி நானே அடைச்சுக்கிறேன்."

வெர்லினுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. செய்யக்கூடிய ஆள் அவன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போகாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நவம்பர் அளவில் ஐம்பது தோட்டா அடைத்தார். பெட்டியில் வைத்து மூடினார். மேலே வேகம் எழுத வேண்டும். பேனாவை எடுத்தார். ஆயிரத்துத் தொண்ணூறு என்று எழுதினால் ஹார்லன் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே அடைக்க உட்காருவான்.





1250 என்று எழுதினார். வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக, 'உங்கள் துப்பாக்கியில் மாறலாம்' என்றும் எழுதினார்.

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தோட்டா கம்பெனித் தோட்டாவோடு எல்லா விதத்திலும் ஒத்துப்போயிற்று.