வெள்ளிக்கிழமை மணி

ராஜபாளையம் தென்காசி சாலையில் சுந்தரபாண்டியன் அண்ணாச்சிக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை. இங்கே இல்லாத சேலை கிடையாது என்று பலகையில் எழுதிப்போட்டிருந்தார். இல்லாதது புத்தி ஒன்றுதான் என்று வெங்கடேஸ்வரி நினைத்துக்கொள்வாள். மூன்றாம் மாடிப் பட்டுச்சேலைப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். புருஷன் தவறிய பிறகு இந்தச் சம்பளத்தில்தான் மகள் காளீஸ்வரி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் நினைப்பதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லிவிட முடியாது.

தீ எச்சரிக்கை மணி இல்லாமல் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது என்றதால் அண்ணாச்சி வேண்டாவெறுப்பாக அதையும் மாட்டினார். கூரையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெள்ளை வெள்ளையாக டிடெக்டர்கள். அதில் புகை நுழைந்தால் படிக்கட்டோரத்துச் சிவப்பு மணிகள் எல்லாம் ஒருசேர அலறும். அண்ணாச்சிக்கோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடி மாடியாகச் சாம்பிராணி போட்டாக வேண்டும். பேருக்குப் போடுகிற ஆளில்லை. கொசுமருந்து வண்டி அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

முதல் வெள்ளியன்று மணி அடித்ததும் கூட்டம் விழுந்தடித்து ஓடியது. மணியைச் சரிபார்க்க மதுரையிலிருந்து வந்த மெக்கானிக், சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மகாலட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்பச் சொல்கிறாயா என்று அண்ணாச்சி அவரிடம் சண்டைக்குப் போனார். அப்போது மேனேஜர் பாண்டிதுரை குறுக்கே வந்தார். அண்ணாச்சி தும்மினாலும் அதில் ராகம் கண்டுபிடிக்கிற மனுசன். பெரிய பெரிய கோயிலில்கூட மணியடிக்க ஆள் வேண்டும், நம் கடையில் புகை காட்டியதும் தானாக அடிக்கிறது பாருங்கள் என்றார். அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அதற்குப் பிறகு மணி அடித்தால் வேலைசெய்கிறவர்கள் எல்லாரும் அப்படியே நின்று கும்பிட வேண்டும். ஓடுகிற ஆள் மறுநாள் வரவேண்டாம். வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். மணிச்சத்தம் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெங்கடேஸ்வரியும் கும்பிட்டாள். கும்பிடும்போதெல்லாம் அவள் கண் படிக்கட்டுப் பக்கமே போகும். நிஜமாகவே ஒருநாள் பற்றிக்கொண்டால் இந்தச் சனம் கூப்பிய கையோடு கருகிப்போகும், தானும் அதோடு போய்விட்டால் காளீஸ்வரிக்கு யார் இருக்கிறார்கள்?

ஆடிக் கடைசி வெள்ளி. அண்ணாச்சி குடும்பத்தோடு மடவார் வளாகம் கோயிலுக்குப் போயிருந்தார். மூன்றாம் மாடியில் வத்திராயிருப்புக் கல்யாணக் கூட்டமொன்று கூரைப்புடவையைப் பரப்பிப்போட்டு, இந்தச் சிவப்பா அந்தச் சிவப்பா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். வெங்கடேஸ்வரியின் கை பாதி தூக்கியபடி நின்றுவிட்டது. சாம்பிராணி வாசனை இல்லை. ஒயர் கருகுகிற நாற்றம்தான் வந்தது.

படிக்கட்டுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். இரண்டாம் மாடியில் சரக்கு அறைக் கதவுக்கடியில் புகை கசிந்துகொண்டிருந்தது. இறங்குவதற்கு அந்த ஒரே படிதான். திரும்பி ஓடிவந்து, அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்த மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"சாம்பிராணி போடுத அண்ணாச்சியே ஊர்ல இல்ல. பொறவு மணி எதுக்கு அடிக்கி?" என்று கேட்டாள்.

"அண்ணாச்சி இல்லாட்டி என்ன, சாமி இருக்குல்ல" என்றார் அவர்.

தீ, தீ என்று கத்தினாள். கல்யாண வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, செத்த நேரம் பொறு தாயி, கும்பிட்டு முடிச்சிருதோம் என்றாள். இவர்களிடம் உயிரைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று வெங்கடேஸ்வரிக்கு அந்த நொடியில் புரிந்துபோயிற்று.

"கீழ வாசல்ல அம்மனுக்குச் சாத்துன சேலையச் சும்மா குடுக்காங்க. வரிசையா வாரவங்களுக்குத்தான்" என்றாள் உரக்க.

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்பது சும்மாவா? கூப்பிய கைகள் பிரிந்தன. இடிக்காமல், தள்ளாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இறங்கினார்கள். இரண்டாம் மாடிச் சனமும் வரிசையில் சேர்ந்துகொண்டது. மேனேஜரும் இறங்கினார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசியாக வெங்கடேஸ்வரி இறங்கினாள்.

தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் சரக்கு அறை சாம்பலாகிவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் புகைந்துகொண்டிருக்க, அந்தப் பெரியம்மா ரோட்டில் நின்று அம்மன் சேலை எங்கே என்று கேட்டாள். வெங்கடேஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அண்ணாச்சி திரும்பி வந்து, தான் இல்லாத நேரத்தில் அம்மனே மணியடித்துச் சனத்தைக் காப்பாற்றினாள் என்று ஊரெல்லாம் சொன்னார். மேனேஜர் சாட்சி. அம்மன் பேரில் பொய் சொன்னதற்கு வெங்கடேஸ்வரி மாவிளக்கு போட வேண்டும் என்றும் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

கடையைப் புதுப்பித்துத் திறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். மதுரை மெக்கானிக் புது டிடெக்டர்களை மாட்டிவிட்டுப் போன கையோடு, அண்ணாச்சி ஏணியில் ஏறினார். புகை நுழைகிற இடுக்கெல்லாம் அடைபட, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். சாயங்காலம் சாம்பிராணிப் புகை மூன்றாம் மாடிக் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. மணி அடிக்கவில்லை. அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று அண்ணாச்சி கண்கலங்கினார்.

வெங்கடேஸ்வரி அவர் முன்னால் போய் நின்று, நாளையிலிருந்து வரவில்லை என்றாள். சாமியே காவல் நிற்கிற கடையை விட்டுட்டு எங்க போகப்போறே என்று அவர் கேட்டார்.

"சாமிதான் அன்னைக்கு மணியடிச்சுச்சுன்னு சொன்னீக. இன்னைக்கு அது வாயில சந்தனத்த அப்பிட்டீகளே அண்ணாச்சி" என்றாள்.

சொன்ன கையோடு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். அந்த மாடியில் இருந்த டிடெக்டர்களில் கைக்கு எட்டியதை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். செத்த நேரத்தில் மணி அலறியது. அண்ணாச்சி, மேனேஜர், சேலை பார்க்க வந்த சனம் எல்லாரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதனால் அவள் படியிறங்கிப் போனதை யாரும் பார்க்கவில்லை.