தவறாகச் சொன்ன பூ

கடற்கரை நடையில் பூக்களை அடையாளம் காட்டும் வழிகாட்டி ஒரு பூவின் பெயரைத் தவறாகச் சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பூ அவள் சொன்ன பூவாகவே மாறிவிடும். பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்தது மூன்று தடவை. ஒருமுறை எருக்கைத் தூக்கக் கலக்கத்தில் ஊமத்தை என்றாள். மறு வாரம் அங்கே ஊமத்தம்பூ வாயை அகலத் திறந்துகொண்டு நின்றது. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கேயே யாராவது திருத்திவிட்டால் மாறாது. தெரிந்தே சொல்லும் பொய்யையும் பூக்கள் சட்டை செய்வதில்லை. நெருஞ்சியை ரோஜா என்று சொல்லிப் பார்த்தாள். குதிகாலில் குத்தியதுதான் மிச்சம்.

மற்றபடி அவளுக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது. குனிந்து குனிந்து முழங்கால் போயிற்று. 'இதை வீட்டுல வளக்கலாமா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே வாய் வற்றிப் போயிற்று. இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், அதை விட்டால் அடுத்த தேதி கிடைக்க ஏழு மாதமாகும், பார்வையோ பத்து நாள்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்துத்தான் கடிதமும் வந்தது: அவள் பூக்காட்டும் மணல்மேட்டைச் சமன்செய்து வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். நாற்பது வருடமாக யார் கண்ணிலும் படாத கடல்நீலி என்ற நீலப் பூ அங்கே இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்கள். அதிகாரி பார்க்க வருவது வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு ஞாயிறுதான்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குப் போக அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

"கண்ணு போனா யாருக்கா உன்னப் பாத்துப்பா?" என்று தங்கை கத்தினாள்.

"நீதான்."

ஞாயிறன்று தங்கைதான் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பின்னால் பதினொரு பேர், எல்லாம் வழக்கமாக நடைக்கு வரும் பழைய ஆட்கள். அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. மேட்டின் சரிவில் கலங்கலாக ஒரு நீலம் தெரிந்தது. மண்டியிட்டு, மூக்கு உரச, நிதானமாகப் பார்த்தாள். "கடல்நீலி," என்றாள். அழுகையே வந்துவிட்டது.

அது கானாவாழை. பதினொரு பேருக்கும் அது தெரியும். அவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர், வருடக்கணக்காக அவள் சொல்லுக்குச் சொல் திருத்தம் சொன்னவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். வீட்டுக் குழாயடியில் தினமும் கானாவாழையைப் பிடுங்கிப் போடும் தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் திருத்தவில்லை.

மறு ஞாயிறு அதிகாரி வந்தார், குனிந்தார், எழுதிக்கொண்டார். அளவெடுத்து நட்டிருந்த முளைக்குச்சிகளை ஆட்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அதற்குள் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

"எப்படிடி இருக்கு?"

"நீ சொன்ன மாதிரியேதான்கா இருக்கு," என்றாள் தங்கை. பிறகு அவள் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் கூட்டிப் போனாள்.