றப்பர் பூக்கும் மாதம்

"ராத்தா, எழும்புங்களேன்!" என்று அக்கா ஸுலைஹாவை உலுக்கினேன். என் மடியில் எங்கள் பூனை நுரை தள்ளி நடுங்கியது.

றப்பர் மரங்கள் பூத்தாலே அது உடம்பைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். மழை விழுந்ததும் ஆறிவிடும். இந்த வருடம் வாப்பா அதைச் சொறி என்றார். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். விடிந்ததும் பூனையைச் சாக்கில் கட்டி, தூரத்தில் கொண்டுபோய் விடும்படி கேகாலைப் பட்டணம் போகும் மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவாராம். அதற்குள் குணமாக்க நினைத்து, மண்ணெண்ணெய் தடவினேன். பூனை அதை நக்கிவிட்டது.

"அடி புத்தி கெட்டவளே! தோலெல்லாம் வெந்து கெடக்கே."

"வாப்பாக்கிட்ட சொல்லிராதீங்க ராத்தா."

அவள் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்தாள். மூன்று தரம் கழுவினோம். சத்தம் கேட்டு வாப்பா விளக்கோடு வந்தார்.

"நான்தான் வாப்பா மண்ணெண்ணெ பூசினேன்," என்று அழுதேன். "இது சொறியில்ல. போன வருஷமும் பூ நேரந்தான் வந்துச்சு, மழையோட போயிட்டுது. வண்டியில போடாதீங்க."

வாப்பா பூனையையே பார்த்தார். பிறகு, கட்டுவதற்கு எடுத்துவைத்திருந்த சாக்கை மடித்துப் பூனைக்குக் கீழே வைத்தார்.

"மொதல்ல விடியட்டும். பொழச்சா, மழ வரைக்கும் பாப்பம்."

அது கண் திறக்கவில்லை. அதன் வயிறு ஏறி இறங்குவதை மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.