லோயிஸ் தனியாகச் சாப்பிட்ட வருஷம்

என் மகள் லோயிஸ் எழுபத்திரண்டு பவுண்டுதான் இருக்கிறாள் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம். அந்த எடை மெஷின் மேல்தான் கோபம். முந்தின வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில், எண்பத்திரண்டு இருந்தவள். வளர்கிற பதினாலு வயதில் யாராவது இளைப்பார்களா?

“எண்பது இல்லாம டீச்சர் ட்ரெயினிங்குக்கு நான் கையெழுத்துப் போட முடியாது தபீதாள். மூணு மாசம் டைம் இருக்குது. சீக்கு ஒண்ணும் இல்ல. ஆமா, இவ யாரோட உக்காந்து சாப்புடுறா?”

எனக்குச் சுருக்கென்றது. யாரோடும் இல்லை.

அவள் அப்பா செத்த பிறகு மிஷனில் எனக்கு பைபிள் ஸ்திரீ வேலை கொடுத்தார்கள். திங்கட்கிழமை சித்தூரை விட்டால் சனிக்கிழமைதான் திரும்புவேன். வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம், சில மாதம் திருப்பதி வரைக்கும், வீடு வீடாக வேதம் வாசித்துக் காட்ட வேண்டும். அத்தனை நாளும் மிஷன் காம்பவுண்டில் எங்கள் ஒற்றை அறையில் லோயிஸ் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். பக்கத்து அறை ஞானமணி அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது என்று கண்டித்து வைத்தவள் நான். விதவை வீட்டுப் பிள்ளை கையேந்துகிறது என்று சபையில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதாம். என்ன ரோஷம், என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எப்போதும் போலச் சமை என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆழாக்கு அரிசி அளந்தாள். சமைக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு பிடி அரிசியைக் கோவிலுக்கென்று டப்பாவில் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். லோயிஸ் ஒரு பிடி போட்டாள். இன்னொரு பிடி போட்டாள். மூன்றாவதும் போட்டாள். முறத்தில் மிஞ்சியது காக்கைக்குப் போதும்.

“ஏண்டி மூணு?”

“ஒண்ணு என்னுது, ஒண்ணு உன்னுது. நீ ஊர் ஊரா போய்க்கினு கீற, அதுக்காவ உன் பிடி நின்னுபோவலாமா? இன்னொண்ணு நைனாவுது. நைனா பிடி எப்பவும் நிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன.”

சொன்னேன்தான். அவரை அடக்கம் பண்ணின வாரம் அழுதுகொண்டே சொன்னேன். ஒருத்திக்கு அளந்த அரிசியில் மூன்று பேர் காணிக்கையை எடுப்பாள் என்று யார் கண்டது? அறுப்பின் பண்டிகையில் பாதிரி ஐயர் எங்கள் டப்பாதான் நிறைந்த டப்பா என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளையின் சதையைக் கொண்டுபோய்ப் படைத்திருக்கிறேன்.

“பசிக்கலியாடி உனக்கு?”

“மொதல்ல பசிச்சிது. ஒண்டியா துன்னுத் துன்னு அப்புறம் பசியே இல்ல. நின்னுக்கினே ரெண்டு வாய் போட்டுக்குவேன். கேக்க யாரு கீறாங்க?”

மூன்று மாதம் லீவு கேட்டு வாங்கினேன். முட்டை, கேழ்வரகுக் களி, கீரை, ஞாயிற்றுக்கிழமை கறி என்று சமைத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தேன். இனிமேல் என் பிள்ளை தனியாகச் சாப்பிட வேண்டாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவளோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். வாய்க்குப் போகாது. முதல் மாதம் எழுபத்தொன்றுக்கு இறங்கினாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன்.

அன்றைக்குத்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

“கோச்சிக்காதம்மா. நீ எதிர்ல குந்திக்கினு இருந்தா தொண்டைல எறங்க மாட்டேங்குது. நீ சித்த வெளிய போ. நான் துன்றேன்.”

கதவைச் சாத்திவிட்டு வெயிலில் போய் நின்றேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. மறுநாள் அவள் சொல்லாமலே எழுந்து வெளியே போனேன். அதன் பிறகு தினமும் இரண்டு வேளை அப்படித்தான்.

மூன்றாம் மாதம் முள் சரியாக எண்பதில் நின்றது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

“பாத்தியா? அம்மா கூட உக்காந்து சாப்புட்டா பொண்ணு எப்பிடித் தேறிட்டா!”

லோயிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஆமாம் என்றேன்.