பட்டை கழற்றிய மறுநாள்

1

மே மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழேகால். குதிரைகள் இரண்டையும் காணோம்.

இங்கே தொடங்கத்தான் ஆசை. ஆனால் இந்தக் கதை எனக்கு ஒரு சொல்லிலிருந்து கிடைத்தது. அதை மறைப்பது சரியில்லை. எங்கள் தக்குவாரெம்போ பக்கம் ‘அகோஷரார்’ என்பார்கள். இரண்டு குதிரைகளைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைப்பது. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதற்கும் அதே சொல். பலசரக்குக் கடையில் நிபியாவையும் எபேரையும் பற்றி யாரோ அப்படிச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நிபியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘அறுபத்தோராம் வயதில் நிபியாவின் வாழ்வில் காதல்’ — அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ஓய்வு பெற்ற ஆசிரியை நிபியா, தன் பழுப்புப் பெண்குதிரையோடு எபேரின் பண்ணைக்குக் குடிவந்தாள். ஓடைக்கு அக்கரையில் அவளுடைய வீடு பூட்டிக் கிடந்தது. குதிரை மூன்று முறை வேலி தாண்டி அங்கேயே ஓடிப்போயிற்று. இடம் பழகட்டும் என்று எபேர் அதைத் தன் சாம்பல் குதிரையோடு பிணைத்தான். இரண்டு கழுத்துப் பட்டைகள், நடுவே ஒரு முழ வார். சாம்பல் குதிரை அந்தப் பண்ணையில் பிறந்தது. வேறு இடம் அறியாது. நாற்பது நாள் இரண்டும் ஒன்றாக மேய்ந்தன. வெள்ளிக்கிழமை மாலை பட்டைகளைக் கழற்றினான்.

சனிக்கிழமை மதியம் நிபியாவின் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வருவதாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டால் அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

(குதிரைதான் நிபியா என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவளே என்னிடம் சொன்னாள்: “நான் எதுக்கு வேலி தாண்டணும்? கதவத் தொறந்துட்டுப் போவேன்.”)

3

எபேரைச் சரியாக எழுதுகிறேனா என்றுதான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில், காலி மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து அவன் கண் கலங்கினான். அது என் சோம்பல். உண்மையில் அவன் முகத்தில்…

விடுவோம். பிக்கப் வண்டியைக் கிளப்பினான். நிபியா பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நாற்பது நாளும் வீண் என்று அவளுக்கு வருத்தம். குதிரை தன் வீட்டை மறக்கவில்லை என்பதில் கொஞ்சம் சந்தோஷம்.

4

அவள் வீட்டு எலுமிச்சை மரத்தடியில் பழுப்புக் குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்து உரச, பட்டை இல்லாமலே, சாம்பல் குதிரையும்.

எபேர் சீழ்க்கை அடித்தான். பன்னிரண்டு வருடம் அந்தச் சீழ்க்கைக்கு ஓடிவந்த குதிரை, காதை மட்டும் திருப்பியது.

“யாரு யாரப் பழக்கினதுன்னு பாத்துக்க, கெழவா,” என்றாள் நிபியா.

“அதுக்குப் புத்தி கெட்டுப்போச்சு.”

“டீச்சர் வீட்டுக் குதிரையாச்சே. பாடம் நடத்தியிருக்கும்.”

எபேர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கூரைத் தகரம் ஒன்று காற்றில் பெயர்ந்திருப்பதாகச் சொல்லி, சுத்தியல் கேட்டான். பிறகு ஏணியைத் தேடினான்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் சாவி கைமாறுகிறது. குதிரைகளை ஓட்டிக்கொண்டு இருவரும் பண்ணைக்குத் திரும்புகிறார்கள். அது கடையில் சிரித்தவர்களுக்குப் பிடிக்கும். மற்றதில் நிபியா தங்கிவிடுகிறாள், எபேர் தனியே போகிறான். அதை எழுதிப் பார்த்தேன்; சாம்பல் குதிரையை அவனோடு நடக்க வைக்க முடியவில்லை.

மூன்றாவதை எபேரே தொடங்கினான். என்னால் முடிக்க இயலாது. நிபியாவின் பதில் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

மதியம். மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நிபியா சாவியோடு வாசலில் நின்றாள். வாயில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கூரையிலிருந்து எபேர் குனிந்தான்.

“நிபியா, அந்த ஆளுக்கு இந்த வீடுதான் வேணுமா, இல்ல என் வீடு போதுமான்னு கேக்கறியா?”