அம்மனுக்குத் தாடி முளைத்த வெள்ளிக்கிழமை

"காசுல மூணு நட்சத்திரம் இருக்கும்மா. காட்டுல இருக்கிறவனுங்க தொப்பியிலயும் மூணுதான். துரை சந்தேகப்படறதுல என்ன தப்பு?"

"நட்சத்திரமா? கண்ணைக் கழுவிட்டுப் பாருங்க கிராணி ஐயா. அது எங்க அம்மன்லா!"

அன்று மதியத்துக்குள் அந்த அம்மனுக்குத் தாடி முளைத்தது.

காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு போரிட்ட மலாயா அவசரகாலத்தின் மூன்றாம் ஆண்டு அது. டுரியான் துங்காலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் குஞ்சம்மாவின் தாலிச் சரட்டில் கோத்திருந்த பொன்காசின் வளையம் விட்டுப்போக, அதைப் பற்றவைக்க அவள் புருஷன் பெரியதம்பி, நகை செய்யும் ஆசாரியிடம் கிளம்பினான். வேலிக் கதவருகே சோதனையில் பிடிபட்டான். காசு காட்டுக்காரர்களின் அடையாளமாம். அவனைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. அந்தக் கரையை அவன் கனவில்கூடக் கண்டதில்லை.

காசில் யார் முகம் இருந்தது என்று குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. மாமியாருக்கு மாமியார் காலத்திலிருந்தே வெள்ளிதோறும் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்து, மஞ்சள் பூசி, அம்மன் என்றே கும்பிட்டு வந்தார்கள். பக்தி கூடக்கூட முகம் குறைந்தது. கடைசியில் மூன்று புள்ளிகள்தான் மிச்சம்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி காளிதாஸ் மொழிபெயர்க்க வந்திருந்தார். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் மங்கு ஒன்றைக் குஞ்சம்மா அவரிடம் நீட்டினாள். மங்கில் உதிர்ந்த இலை, உறைந்த பாலில் நரம்பு நரம்பாகப் பதிந்திருப்பதை அவள் தினமும் பார்க்கிறவள். "காசை இதுல போடச் சொல்லுங்க. உள்ளே யாரு இருக்காங்கன்னு அதுவே காட்டும்."

வெள்ளைக்கார அதிகாரி சிரித்துக்கொண்டே தட்டில் காசை வைத்தார். அவள் பாலை ஊற்றி, அது உறைய இரண்டு சொட்டு ஆசிட் விட்டாள். உறைந்ததும் உரித்தாள். மூன்று புள்ளிகளில் இரண்டு கண்களாகித் திறந்தன. மூன்றாவது, கிரீடத்தின் உச்சியில் சிலுவையாக நின்றது. பிறகு மூக்கு வந்தது, உதடு வந்தது, ஒருவர் கோப்பி குடித்து முடிக்கும் நேரத்தில் தாடியும் வளர்ந்தது. பால்தகடு மேசையை மூடி, அதிகாரியின் கோப்பையைக் கீழே தள்ளி, தரைவரை தொங்கியது. பள்ளியில் இத்தகைய காசுகளைப் படித்திருந்த அதிகாரி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பழைய ரோமாபுரி ராஜாக்கள் பக்கவாட்டில் பார்ப்பார்கள், இப்படி நேருக்கு நேர் பார்ப்பவர் பின்னால் வந்த பைசாந்தியத்து ராஜா என்றார். சிலுவையைத் தலையில் வைத்துக்கொண்டு எந்தக் காட்டுக்காரனும் திரிவதில்லை என்பதும் அவருக்கு விளங்கியது.

மாலையில் பெரியதம்பியும் காசும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பினர். எல்லாரும் மேளம் கொட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கருப்பாயி மட்டும் விடவில்லை. "ஏன்டி, இத்தனை வருஷமா ஒரு தாடிக்காரனுக்கா மஞ்சள் பூசினே?"

"பூசினதுக்குத்தான் வந்து புருஷனை மீட்டுக் கொடுத்தாரு. உன் அம்மன் வந்தாளா?"

அதன்பின் கோலா சுங்கை பாருவிலிருந்தும் பாச்சாங்கிலிருந்தும் பெண்கள் தேய்ந்த காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். பக்கம் பார்க்கும் ராஜாக்களும் நேரே பார்க்கும் ராஜாக்களும் பால்தகடு உலர்த்தும் புகைவீட்டுக் கம்புகளில் வரிசையாகக் காய்ந்தார்கள். புகை தாங்காமல் ஒருவர் தும்மியதாக தகடு வாங்கும் மலாக்கா வியாபாரி குறைபட்டுக்கொண்டார். விலை குறையவில்லை. தோட்டத்துக் கோயிலில் அம்மனுக்கு இடப்பக்கம் தாடிக்காரருக்கும் ஒரு மாடம் கட்டி விளக்கேற்றினார்கள். புளி மட்டும் வைப்பதில்லை.

முள்வேலியைப் பிரித்த வருஷம், தன் ஊருக்குக் கப்பலேற இருந்த அந்த அதிகாரி தனியாகப் பால்மர நிரைக்குள் நடந்து வந்தார். குஞ்சம்மாவின் முன்னால் தொப்பியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை எடுத்தார். காட்டில் கழித்த வருஷங்களில் கட்டைவிரலால் தடவித் தடவி அதைக் கண்ணாடிபோல வழவழப்பாக்கியிருந்தார். குஞ்சம்மாவின் கையில் மங்கு நிறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் பொறுக்கிய தமிழில் அவர் கேட்டார்:

"குஞ்சம்மா, தோலோங், ஒரு உதவி. இதுல என் மகள் முகம் இருந்துச்சு. கொஞ்சம் பால் ஊத்திப் பார்க்கிறீங்களா?"